ட்ரீட்டட் பைன், ஆர்செனிக், ஆஸ்திரேலியா ரூல்ஸ்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

மெல்போர்ன்ல மரத்துக்கு மருந்து ஏத்துற ப்ளான்ட்ல இருந்தவன், இப்போ டெக் (வீட்ட ஒட்டி வெளிய போடற மரத் தளம்), பெர்கோலா கட்டுற வேலை. சிசிஏ பத்தி (செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூணும் கலந்தது, கரையான் அரிக்காம, உளுத்துப் போகாம இருக்க மரத்துக்கு ஏத்தற மருந்து) ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்கன்னு இங்க கேக்க சொன்னேன். முதல்லயே ஒண்ணு: ட்ரீட்டட் மரத்த எரிக்காதீங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

வென்ட்வொர்த்வில்: வீடு வாங்கியிருக்கோம், பின்னாடி 2001ல போட்ட டெக். பில்டிங் இன்ஸ்பெக்டர் சிசிஏ-னு எழுதிட்டார். தடை பண்ணது தானே, பிரிச்சிடணுமா? ரெண்டு வயசு பையன் இருக்கான்.

பிரிக்க வேண்டாம். நம்ம ஆளுங்க பாதி பேர் "சிசிஏ-க்கு தடை"னு மொட்டையா சொல்றதுல வர்ற குழப்பம் இது. பூச்சிக்கொல்லி, மரத்துக்கு ஏத்தற மருந்து இதுக்கெல்லாம் ரிஜிஸ்ட்ரேஷன் குடுக்குற ஆஸ்திரேலிய அரசு அமைப்பு ஏபிவிஎம்ஏ 2005 மார்ச்ல முடிவ சொல்லி 2006 மார்ச்ல இருந்து அமலுக்கு வந்துச்சு. வீட்டு டெக், கைப்பிடி, பிக்னிக் டேபிள், தோட்டத்து பெஞ்ச், பிள்ளைங்க விளையாட்டு சாமான், இதுக்கெல்லாம் போற மரத்துக்கு புதுசா சிசிஏ ஏத்தக்கூடாது, அவ்ளோதான். ஏற்கனவே கட்டினத பிரிக்க சொல்லல. பையனுக்காக செய்ய வேண்டியது என்னன்னா, எண்ணெய் வகை கோட்டிங் அடிங்க, தேய தேய மறுபடி அடிங்க, மேல் பரப்புல கைல ஒட்டுற ஆர்செனிக் நல்லா குறையும், டெக்ல விளையாண்டா சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவ சொல்லுங்க. சாண்டிங் மெஷின் போட்டு தேய்க்காதீங்க. பளபளன்னு ஆக்கணும்னு பிளீச் ஊத்தியும் கழுவாதீங்க, மரத்துக்குள்ள அடங்கிக் கிடக்கிற குரோமியத்த அது திரும்ப கெட்ட ரூபத்துக்கு மாத்தி விட்டுடும், ஆர்செனிக்கும் கூட சேந்து வெளிய வரும்.

பென்ரித்: மரம் பச்சையா இருந்தா சிசிஏ தானே?

இல்ல. ஏசிக்யூ (செம்பு சேந்த இன்னொரு மருந்து) ஏத்தின மரமும் பச்சை தான், அதுல ஆர்செனிக் கிடையாது. நுனில அடிச்சிருக்கற டேக்க பாருங்க: ப்ளான்ட் நம்பர், மருந்து நம்பர், அப்புறம் எச்3, எச்4னு இருக்கும். மருந்து நம்பர் 01 இல்ல 02னா சிசிஏ. எச் நம்பர் மரம் எங்க நிக்கலாம்ங்கறதுக்கு, எச்3 தரைக்கு மேல, எச்4 மண்ணுக்குள்ள. எச்4னா விஷம் இல்லாததுனு கடைல ஒருத்தர் சொன்னாராம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

டாண்டினோங்: அண்ணை, கத்தரியும் மிளகாயும் வைக்க ஸ்லீப்பர் கட்டையாலை பாத்தி அடிச்சுப் போட்டன். இப்ப பாத்தா 01 எண்டு கிடக்கு. காய் சாப்பிடலாமோ?

பயப்படாதீங்க அண்ணே. மரத்துல இருந்து மண்ணுக்கு கொஞ்சம் இறங்கும், ஆனா பெரும்பாலும் கட்டைய ஒட்டியே தங்கிடும். உள்பக்கம் கனமான பாலிதீன் அடிச்சு விடுங்க, செடிய கட்டைல இருந்து தள்ளி வைங்க, கத்தரி மிளகாய்க்கு கவலையே வேண்டாம். முள்ளங்கி, கேரட், கீரை மட்டும் வேற பாத்தில போடுங்க, மண்ணு ஒட்டிட்டே சமையலுக்கு வர்றது அதுங்க தான். அறுத்த தூள மூடாக்காவோ கம்போஸ்ட்லயோ போட்டுடாதீங்க.

ஆக்லாந்து: இதெல்லாம் வீண் பீதி. எங்க ஊர்ல டெக் முழுக்க சிசிஏ தான், யாருக்கு என்ன ஆச்சு?

வாங்க சார், உங்கள தான் எதிர்பாத்தேன். நியூசிலாந்து 2003ல ஆராஞ்சு பாத்துட்டு தடை தேவையில்லைனு விட்டது உண்மை தான். அதே மருந்த அமெரிக்கால 2003 டிசம்பர் 31ஓட வீட்டு உபயோக மரத்துக்கு ஏத்தறத கம்பெனிகளே நிறுத்திக்கிச்சு, ஐரோப்பிய யூனியன் 2004ல இறுக்குச்சு. இங்க ஏபிவிஎம்ஏ ஆள் செத்தத காட்டி ஒண்ணும் தடை போடல. ஆபத்தில்லைனு நம்பற அளவுக்கு டேட்டா இருக்கானு கேட்டுச்சு, போதுமானது வரல, அதனால பிள்ளைங்க கை படற இடத்துல நிறுத்துச்சு. நிரூபிக்கற பொறுப்பு யார் தலைலங்கறது தான் ரெண்டு நாட்டுக்கும் உள்ள வித்தியாசம். எனக்கு இங்க பண்ணது சரினு படுது.

பெர்த்: அப்போ வேலிக்கும் ரிடெயினிங் வாலுக்கும் திராட்சைத் தோட்டத்து கம்பத்துக்கும் எப்படி விடறாங்க? விஷம்னா எங்கயும் விஷம் தானே?

வேலிய யாரும் தடவிட்டு விரல சூப்ப மாட்டாங்க சார். மண்ணுக்குள்ள நிக்கற பைன் மரத்த கரையான்கிட்டயும் உளுத்துப் போறதுல இருந்தும் காப்பாத்தறதுல சிசிஏ கில்லாடி, அத ஒத்துக்கணும்.

ஆக்லாந்து: கில்லாடினு நீங்களே சொல்றீங்க! எல்லாம் வெள்ளைக்காரன் பிசினஸ், பழச கெடுத்து புதுச விக்கறான்.

பழசக் கண்டுபிடிச்சதே வெள்ளைக்காரன் இல்ல. 1933ல டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துல சோண்டி காமேசம்னு நம்ம நாட்டு விஞ்ஞானி. பிரமாதமான வேலை. ஆனா பிசினஸ் விஷயத்துல நீங்க சொல்றதுல பாதி உண்மை இருக்கு, ஏசிக்யூ விலை கூட, அதுல செம்பு அதிகம்ங்கறதால சாதா ஸ்க்ரூவ அரிச்சுடும், ஹாட் டிப் கால்வனைஸ்டு இல்ல ஸ்டெயின்லெஸ் தான் போடணும், அந்த செலவ எந்த கடைக்காரரும் முன்னாடியே சொல்றதில்ல.

ஆக்லாந்து: பாத்தீங்களா, நான் சொன்னது தான்.

பாதி தான் சார் சொன்னீங்க. அடுத்தவங்க காத்துட்டு இருக்காங்க.

ஹோபார்ட்: 1998 டெக். பிரிக்கணுமா?

முதல் பதில்.

கோயம்புத்தூர்: தேக்கு நிலைல கரையான், என்ன மருந்து அடிக்கலாம்?

நான் பேசறது ஆஸ்திரேலியா ரூல்ஸ். அங்க எதுக்கு அனுமதி இருக்குனு ஊர்ல லைசன்ஸ் இருக்கற ஆள கேளுங்க. கடைல லேபிள் இல்லாத பாட்டில்ல ஊத்தி குடுத்தா வாங்காதீங்க.

டூங்காபி: பழைய வேலி பிரிச்ச கட்டை நிறைய கெடக்கு, பொங்கலுக்கு அடுப்பு மூட்ட வச்சிருக்கேன். பச்சை நிறமெல்லாம் போயிடுச்சு, பிரச்சனை இல்லையே?

ஐயோ. வேண்டவே வேண்டாம். நிறம் தான் போகும், ஆர்செனிக் போகாது. எரிச்சா கொஞ்சம் புகையில போகும், மீதி சாம்பல்ல நிக்கும். அந்த சாம்பல்ல எடைக்கு 10 சதவீதம் வரைக்கும் இந்த மூணு உலோகமும் இருக்கலாம், சில கிராம் வாய்க்குள்ள போனாலே ஆபத்து, அதுக்கு மேல பொங்கப் பானையா? புஷ்ஃபயர் முடிஞ்சு வீட்டுக்கு திரும்பறவங்கள சாம்பல தொடாதீங்கன்னு கவர்மென்ட் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். கட்டைய கவுன்சில் டிப்ல (குப்பைக் கிடங்கு) ட்ரீட்டட் மரம்னு சொல்லி குடுங்க, தோட்டக் குப்பை போடற பச்சை மூடி பின்ல போடாதீங்க. பொங்கலுக்கு கடைல விறகு வாங்குங்க.

கெல்லிவில்: பார்பிக்யூவுக்கு சின்ன துண்டு ஒண்ணு ரெண்டு போட்டா?

இப்போ தான எழுதினேன்.

பிரிஸ்பேன்: டெக் 2003ல போட்டது...

முதல் பதில், முதல் பதில்!

ஜீலாங்: பழைய வீட்டு ஜன்னல் பெயின்ட்ல ஈயம் இருக்குமா?

இருக்கலாம், நம்ம டிபார்ட்மென்ட் இல்ல. சுரண்டறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ற ஆள கூப்பிடுங்க. ஆக்லாந்து சார் தனி மெசேஜ்ல இன்னும் மூணு கேள்வி போட்டிருக்கார், அதுக்கு நாளைக்கு.