கருவாட்டில் ஏறும் சிக்கு வாடைக்கு ஹெக்சனல்தான் காரணமா? சாப்பிடலாமா?

கேள்வி: ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் வாங்கிய சூடை மீன் கருவாடு இரண்டே மாதத்தில் மஞ்சளித்து, பெயின்ட் டப்பாவைத் திறந்த மாதிரி வாடை அடிக்கிறது. ஹெக்சனல் என்கிறார்கள். அது என்ன, கெடுதலா?

பதில்: பாதி சரி. அதற்கு முன் எழுத்தில் ஒரு எச்சரிக்கை. ‘ஹெக்சனல்’ என்றால் ஆல்டிஹைடு (கொழுப்பு ஆக்சிஜன் ஏறிக் கெடும்போது உண்டாகும் வாடைப் பொருள் வகை), ‘ஹெக்சனால்’ என்றால் ஆல்கஹால். ஒரு துணைக்கால் கூடினால் பொருளே வேறு. தமிழில் இரண்டையும் கலந்து எழுதுவதால் பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்குகிறது.

ஹெக்சனல் 6 கார்பன் கொண்ட நிறமற்ற திரவம். கொதிநிலை ஏறக்குறைய 130 டிகிரி. பச்சைப் புல்லைக் கசக்கினால் வரும் மணத்திலும், பச்சை மொச்சையின் வாடையிலும் இதற்குப் பங்கு உண்டு. ஆயிரம் லிட்டர் தண்ணீரில் 5 மில்லிகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும்.

இது பிறக்கும் விதம்தான் சுவையான விஷயம். லினோலெயிக் போன்ற ஒமேகா-6 கொழுப்பின் கார்பன் சங்கிலியில் கடைசி இரட்டைப் பிணைப்பு (ஆக்சிஜன் எளிதில் தாக்கும் இணைப்பு) வால் நுனியிலிருந்து 6-ஆவது கார்பனில் தொடங்கும். ஆக்சிஜன் அங்கே ஏறினால் முதலில் பெராக்சைடு உருவாகும். அதற்கு வாடையே கிடையாது. அது உடையும்போது கழன்று விழும் 6 கார்பன் துண்டுதான் ஹெக்சனல். ஒமேகா-3 கொழுப்பில் அதே வேலை 3-ஆவது கார்பனில் நடப்பதால் 3 கார்பன் கொண்ட புரோப்பனல் கிடைக்கிறது. கடல் மீனில் ஒமேகா-3 தான் மிகுதி. எனவே உங்கள் சூடையில் ஹெக்சனல் இருக்கும், ஆனால் அந்தப் பெயின்ட் வாடைக்குப் புரோப்பனலும், அதைவிட 2,4-ஹெப்டாடையீனல் என்ற இன்னொரு ஆல்டிஹைடும் கூட்டாளிகள். ஆய்வகங்கள் ஹெக்சனலை அளப்பது, அதை அளப்பது எளிது என்பதால். கடலை எண்ணெய்க்கு அது நல்ல அளவுகோல். மீனுக்கு அதை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. பெராக்சைடு அளவையும் தனியாக நம்ப வேண்டாம். நன்றாகச் சிக்கேறிய சரக்கில் பெராக்சைடெல்லாம் உடைந்துபோய், எண் குறைவாகக் காட்டி ஏமாற்றும்.

செடிகளில் இதே ஹெக்சனலை நொதிகள் வேண்டுமென்றே உண்டாக்குகின்றன, இலை கிழிபட்டவுடன். பூஞ்சையை அடக்கும் குணமும் இதற்கு உண்டு. பழத்தின் செல்சவ்வைச் சிதைக்கும் பாஸ்போலைப்பேஸ்-டி நொதியையும் தடுக்கும். அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும் சேர்ந்து மாம்பழம் நெடுநாள் தாங்க இதைத் தெளித்துப் பார்த்தன. உடம்புக்குள் போகும் சிறிய அளவைக் கல்லீரல் ஹெக்சனாயிக் அமிலமாக்கி, மற்றக் கொழுப்பைப் போலவே எரித்துவிடும். கவலைக்குரியவை அதோடு சேர்ந்தே உருவாகும் அக்ரோலின், மலோன்டயால்டிஹைடு, 4-ஹைட்ராக்சிநோனீனல் ஆகியவை. இவை புரதத்தையும் டி.என்.ஏ.வையும் பற்றிக்கொள்ளும். ஹெக்சனல் மூக்கில் ஏறுகிறது என்றால் இவையும் வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கரையில் தவறு நடக்கும் இடங்கள் சில. சூடையின் கருஞ்சதையிலும் செவுளிலும் உள்ள இரத்தத்தின் இரும்புதான் ஆக்சிஜனேற்றத்துக்கு நெருப்பு மூட்டுகிறது. செவுள், குடல் எடுத்து இரத்தம் போகக் கழுவிய மீனுக்கும், அப்படியே காயப்போட்டதற்கும் மாதக் கணக்கில் வித்தியாசம் தெரியும். உப்பு ஒரு பங்குக்கு மீன் 3 முதல் 4 பங்கு. வாலிநோக்கம் பக்கத்து உப்பளக் கல்லுப்பு நல்லதுதான், ஆனால் மண் கலந்து பழுப்பேறிய உப்பு வேண்டாம். அதிலும் இரும்பு உண்டு. துருப்பிடித்த தகரத்தில் ஊறவைப்பதும் அதே தப்பு. மணலில் பரப்பாமல் வலைத் தட்டில், நண்பகல் வெயிலில் நிழல்வலை கட்டிக் காயவிடுங்கள். மஞ்சள் தடவினால் போதும் என்பார்கள். மஞ்சளின் குர்குமின் வெயிலில் வெளுத்துவிடும், அதை நம்பி இருக்க முடியாது. அளவுக்கு மீறி மொறுமொறுப்பாகக் காயவைத்தாலும் சிக்கு சீக்கிரம் வரும். கொழுப்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய ஈரமும் போனால் காற்று நேராகத் தொடும்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்காகச் சேர்த்துவைக்கும் மூட்டை தகரக் கூரைக்கடியில் கோடையின் உச்சச் சூட்டில் கிடக்கும். சாதா பாலித்தீன் பை ஆக்சிஜனை உள்ளே விடும். அலுமினியத்தாள் படிந்த பையில் கால் கிலோ வீதம் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றிக் குளிரில் வையுங்கள். ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலம் போடுவதென்றால் பையில் மிஞ்சும் அரை லிட்டர் காற்றுக்கு 100 சிசி (மில்லி) பொட்டலம் ஒன்று போதாது, இரண்டு வேண்டும், அரை லிட்டர் காற்றில் ஆக்சிஜன் 105 மில்லி இருப்பதால். நன்றாகக் காய்ந்த கருவாட்டுக்கு மட்டுமே இது. ஈரம் உள்ளதைக் காற்றில்லாமல் அடைத்தால் உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் போட்டுலினம் கிருமிக்கு வழி விடுவீர்கள்.

கையில் இருப்பதைச் சோதிக்க, 10 கிராம் கருவாட்டை மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் போட்டு, கைபொறுக்காத சூட்டில் வெந்நீர் இரண்டு கரண்டி ஊற்றி, 5 நிமிடம் மூடிவைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். பச்சைப் புல் வாடை என்றால் தொடக்க நிலை. உடனே சமைத்துத் தீர்த்துவிடலாம். பெயின்ட் வாடையும் வயிற்றோரத்தில் துரு நிறமும் இருந்தால் போட்டுவிடுங்கள். அந்தத் துரு நிறம் ஆல்டிஹைடு புரதத்தோடு ஒட்டிக்கொண்டதன் அடையாளம். வெந்நீரில் ஊறவைத்து நீரைக் கொட்டினால் வாடை குறையுமே தவிர, ஒட்டியது போகாது. பொரித்தால் இன்னும் கூடும். அம்மோனியா நெடியோ, இளஞ்சிவப்புப் படலமோ இருந்தால் அது நுண்ணுயிர்களின் வேலை. அதையும் கொட்டிவிடுங்கள்.

இன்னொன்று, சூடை, கானாங்கெளுத்தி போன்றவற்றைக் காயப்போடும் முன்பே பதம் கெட்டிருந்தால் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற உபாதை தரும் பொருள் சேரும். அதற்கு வாடை இல்லை, கொதிக்கவைத்தாலும் போகாது. வாயில் வைத்ததும் மிளகு கடித்தது போல் நாக்கு சுருக்கென்றால் துப்பிவிடுங்கள்.