கேளுங்க, சொல்றேன்: ஃபேக்ஸ்ல பேப்பர் நடத்துன மனுஷன்

கேள்வி: போன இதழ்ல மொசாம்பிக் பத்திரிகையாளர் கார்லோஸ் கார்டோசோன்னு பேர மட்டும் சொல்லிட்டு தாண்டிப் போயிட்டீங்களே சார், யாரு அவரு?

பதில்: 1951ல மொசாம்பிக்ல இருக்கிற பெய்ரா நகரத்துல பொறந்தவரு, அப்பா அம்மா போர்ச்சுகீசியர்கள். தென்னாப்பிரிக்காவுல படிக்கப் போனாரு, அங்க நிறவெறி அரசாங்கத்துக்கு எதிரா கிளம்பவும் 1975ல நாட்ட விட்டே அனுப்பிட்டாங்க. அதே வருஷம்தான் மொசாம்பிக்குக்கு சுதந்திரம். ஊருக்குத் திரும்பி 'டெம்போ' பத்திரிகை, அப்புறம் ரேடியோ, 1980லேர்ந்து 89 வரைக்கும் அரசாங்க செய்தி ஏஜென்சிக்கே டைரக்டர். அதாவது புரட்சி அரசாங்கத்த மனசார நம்புன ஆளு, ஆனா உள்நாட்டுப் போர் செய்திய நாட்டு ஜனங்ககிட்ட மறைக்கக்கூடாதுன்னு அடம் புடிச்சாரு. 1982ல ஒரு கட்டுரைக்காக கொஞ்ச நாள் உள்ள வச்சதும் இவர் நம்புன அதே அரசாங்கம்தான். வெளிய வந்து மறுபடி அதே வேலைக்குப் போனாரு, எனக்கு இவர்கிட்ட ரொம்பப் பிடிச்ச விஷயம் அதுதான்.

கேள்வி: ஃபேக்ஸ்ல பேப்பரா? விளையாடுறீங்களா?

பதில்: நிஜமாத்தாங்க. 1990ல புது அரசியல் சட்டம், 91ல பத்திரிகைச் சட்டம், தனியார் பத்திரிகைக்கு வழி திறந்துச்சு, சரி, ஆனா பிரஸ் வைக்க காசு யார்கிட்ட இருக்கு? கார்டோசோவும் கூட்டாளிங்களும் மீடியாகூப்னு ஒரு கூட்டுறவு அமைப்பு ஆரம்பிச்சு 1992ல 'மீடியாஃபேக்ஸ்' கொண்டு வந்தாங்க. சில பக்கம் டைப் பண்ணி சந்தா கட்டுனவங்க ஆபீஸுக்கு ஃபேக்ஸ்ல அனுப்புறது, அவ்ளோதான். மை கிடையாது, லாரி கிடையாது, விக்காம திரும்பி வர்ற கட்டு கிடையாது. சந்தாதாரருங்க யாருன்னா தூதரகம், கம்பெனி, உதவி நிறுவனங்கள், இந்த மாதிரி. ஒரு காப்பி போனா அந்த ஆபீஸ்ல பத்து ஜெராக்ஸ் ஓடும். 1997ல அங்கேர்ந்து பிரிஞ்சு, அந்த நாட்டுப் பணத்தோட பேர்லயே 'மெட்டிக்கல்'னு சொந்தமா இன்னொண்ணு ஆரம்பிச்சாரு. லட்சக்கணக்குல சர்குலேஷன் இருந்தாத்தான் செல்வாக்குன்னு நாம நினைக்கிறோம், படிக்கிறது யாருங்கிறதுதான் கணக்கு. முடிவு எடுக்கிற ஆளுங்க மேஜைல தினமும் வந்து விழுற நாலு பக்கத்துக்கு இருக்கிற பலமே தனி.

கேள்வி: அப்படி என்னதான் எழுதுனாரு?

பதில்: பெரும்பாலும் கணக்கு வழக்குதாங்க, வீர வசனம் தேடிப் போனீங்கன்னா ஏமாந்துடுவீங்க. முந்திரிய எடுத்துக்குங்க. ஒரு காலத்துல உலகத்துலயே முந்திரி உற்பத்தில முன்னணில இருந்த நாடு அது. 90கள்ல உலக வங்கி சொல்லுச்சுன்னு பச்சைக் கொட்டை ஏற்றுமதி வரிய குறைச்சாங்க, கொட்டையெல்லாம் உடைக்காமலே கப்பலேறி இந்தியாவுக்கு வந்துச்சு, மொசாம்பிக்ல உடைக்கிற ஃபேக்டரிங்க மூடி ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு. இத விடாம எழுதுனாரு. இன்னொண்ணு பேங்க். 'பாங்கோ கோமெர்சியல் டி மொசாம்பிக்' 1996ல தனியார் கைக்குப் போற நேரமா பாத்து அதுலேர்ந்து சுமார் 1.4 கோடி டாலர் காணாமப் போச்சு. கேஸ் வருஷக்கணக்கா தூங்குது, இவரு மட்டும் பேரச் சொல்லி, ஏன் இன்னும் கோர்ட்டுக்குப் போகலன்னு திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. ஒரு தடவ எழுதிட்டு அடுத்த நியூஸுக்கு ஓடியிருந்தா அவங்களும் கண்டுக்காம விட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன், உறுத்துனது அந்த திரும்பக் கேக்குறதுதான்.

கேள்வி: கடைசில அவரக் கொன்னுட்டாங்களாமே, கொன்னவங்க மாட்டுனாங்களா?

பதில்: 2000 நவம்பர் 22, தலைநகர் மபூட்டோவுல ஆபீஸ்லேர்ந்து கார்ல கிளம்புனவர வழிமறிச்சு சுட்டாங்க, டிரைவருக்கு பலத்த காயம். விசாரணை 2002 நவம்பர்ல ஆரம்பிச்சுது, அதிகபட்ச காவல் சிறை வளாகத்துக்குள்ள பந்தல் போட்டு கோர்ட், ரேடியோவுலயும் டிவியிலயும் நாடே உக்காந்து கேட்டுச்சு. 2003 ஜனவரில ஆறு பேருக்கு இருபது வருஷத்துக்கு மேல தண்டனை, அந்த பேங்கோட முன்னாள் மேனேஜர் ஒருத்தரும் அதுல உண்டு. ஆள் செட் பண்ண அனிபால்ஸின்யோ இருக்காரே, அவரு கதை தனி. விசாரணைக்கு முன்னாடியே ஜெயில்லேர்ந்து எஸ்கேப், தென்னாப்பிரிக்காவுல பிடிச்சாங்க. 2004ல மறுபடி எஸ்கேப், இந்தத் தடவ கனடா வரைக்கும்! திரும்பக் கொண்டு வந்து மறுவிசாரணை நடத்தி 2006ல தண்டனை குடுத்தாங்க, 2008ல மூணாவது தடவயும் ஓடி மறுபடி மாட்டுனாரு. அதிகபட்ச காவல்னு எதச் சொல்றாங்கன்னே புரியல. அந்த பேங்க் கேஸும் 2004ல தனியா நடந்து தண்டனையில முடிஞ்சுது. ஆனா 'மெட்டிக்கல்' அதப் பாக்கல, ஜனாதிபதி மகன் போட்ட அவதூறு வழக்குக்கு நடுவுல 2001 கடைசில அது நின்னுபோச்சு.

கேள்வி: அவரு தேர்தல்லயும் நின்னாராமே, பத்திரிகைக்காரர் நிக்கலாமா?

பதில்: நின்னாரு, 1998ல மபூட்டோ நகராட்சிக்கு ஒரு சுயேச்சைக் குழு சார்பா ஜெயிச்சு கவுன்சிலராவும் இருந்தாரு. எனக்கு இதுல உடன்பாடு இல்லீங்க. ஓட்டு கேட்ட எடிட்டர் நகராட்சியப் பத்தி எழுதுனா நான் ரெண்டு தடவ யோசிச்சுத்தான் படிப்பேன், அது கார்டோசோவா இருந்தாலும் சரி.