உக்ரைன் விருந்தாளிக்கு யார் பணம்?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் மகன், உக்ரைன் குடும்பம் ஒன்றைத் தன் வீட்டில் தங்கவைக்க நினைக்கிறான். அந்த ஊர் கவுன்சில் (உள்ளாட்சி) பணம் தருமாமே, வீட்டு வரியிலிருந்தா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: இல்லை. 2022 மார்ச்சில் தொடங்கிய 'ஹோம்ஸ் ஃபார் உக்ரைன்' திட்டம் இது. நிதி பிரிட்டனின் மத்திய அரசுடையது. வரும் ஒவ்வொருவருக்கும் கவுன்சிலுக்கு 10,500 பவுண்டு என்றிருந்தது, 2023 ஜனவரி 1 முதல் வந்தவர்களுக்கு 5,900 ஆகக் குறைந்தது. வீட்டைப் பார்வையிடுவது, குற்றப் பின்னணி விசாரணை, வந்திறங்கியதும் கைச்செலவுக்குத் தலைக்கு 200 பவுண்டு, எல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும்.

உங்கள் மகனுக்கு வருவது தனிக் கணக்கு: மாதம் 350 பவுண்டு 'நன்றித் தொகை'. பலர் ஏமாறுவது இங்கேதான். அது வீட்டுக்கு, ஆளுக்கல்ல. நாலு பேர் வந்தாலும் அதே 350. சோதனைகள் முடியாமல் கைக்கு வராது. வாடகை வாங்கக் கூடாது. கரண்ட், தண்ணீர்ச் செலவில் நியாயமான பங்கு கேட்கலாம். அந்த 350-க்கு வருமான வரி கிடையாது.

இங்கேயும் இதே கதைதான்: நம் ஆனையூர், திருவாதவூர் முகாம்களில் இலங்கைத் தமிழர்களுக்கு உதவித்தொகை தருவது உள்ளாட்சி அல்ல, மாநில அரசு. 2021 உயர்வுப்படி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500.