ஒரே ப்ராஜக்ட், நாலு பேரு, நாலு விதமான இன்டென்ட்: செட்டப் பேக்கேஜ் வாங்கலாமா?

கேள்வி: அண்ணே, திருமங்கலத்துல நாங்க நாலு பேரு சேந்து ஒரு ஜவுளிக்கடைக்கு பிஎச்பிங்குற லாங்குவேஜ்ல பில்லிங் சாஃப்ட்வேர் பண்றோம். வரி ஆரம்பத்துல இடம் விடுறதுக்கு (இன்டென்ட்) ஒருத்தன் டேப் அடிக்கிறான், ஒருத்தன் ரெண்டு ஸ்பேஸ், நான் நாலு. ஒரு வரி மாத்துனாலும் கிட்ல (கோடுல ஆன மாத்தத்தப் பதிஞ்சு வைக்கிற டூலு) ஃபைல் முழுக்க செவப்பும் பச்சையுமா காட்டுது. வெளிய இன்னொரு ப்ராஜக்ட்டும் பாக்குறேன், அங்க ரெண்டு ஸ்பேஸ்தான் ரூலு, அதனால செட்டிங்ஸ மாத்தி மாத்தி வச்சே பொழுது போயிருது. மதுரையில ஒரு இன்ஸ்டிட்யூட்ல எடிட்டர் செட்டப் பேக்கேஜ் போட்டுத் தர்றோம்னு காசு கேக்குறாய்ங்க. வாங்கலாமா?

பதில்: காசக் குடுக்காதீங்க தம்பி. அந்தப் பேக்கேஜ்ல இருக்கப் போறது யாரோ ஒருத்தரோட செட்டிங்ஸ் ஃபைலும் ஒரு கூடை எக்ஸ்டென்ஷனும்தான் (எடிட்டர்ல கூடுதலா ஒட்டிக்கிற குட்டி ப்ரோக்ராம்). அது உங்க மெஷின்ல யூசர் செட்டிங்ஸா போய் உக்காரும், யூசர் செட்டிங்ஸ்னா நீங்க தொறக்குற எல்லா ப்ராஜக்ட்டுக்கும் அதுதான், அப்ப நீங்க இப்ப படுற அதே அவஸ்தை இன்னும் கூடுமே ஒழிய கொறையாது. இன்னொண்ணையும் சொல்றேன், விஎஸ் கோட் எடிட்டர்ல ஒரு எக்ஸ்டென்ஷனப் போட்டா எடிட்டருக்கு என்னென்ன பெர்மிஷன் உண்டோ அம்புட்டும் அதுக்கும் உண்டு. கடையோட டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அதே ஃபோல்டர்லதான கெடக்கு? எவன் எழுதுனான்னு தெரியாத இருபது எக்ஸ்டென்ஷன அது பக்கத்துல விடலாமா? வாட்ஸப்ல சீனியர் அனுப்புற செட்டிங்ஸ் ஃபைலும் இதே கதைதான், வாங்காதீங்க.

ஸ்டைல் ஆளோட இருக்கக்கூடாது, ப்ராஜக்ட்டோட இருக்கணும். அதுக்குன்னே எடிட்டர்கான்ஃபிக்னு ஒரு ஃபைல் இருக்கு, ஃப்ரீ. ப்ராஜக்ட்டோட மேல் ஃபோல்டர்ல வைக்கணும், பேரு புள்ளியில ஆரம்பிக்கும், எல்லாம் சின்ன எழுத்து. நோட்பேட்ல சேவ் பண்ணுனா விண்டோஸ் சத்தமில்லாம பின்னாடி டாட் டிஎக்ஸ்டின்னு ஒட்டிவிட்டுரும், எக்ஸ்ப்ளோரர்ல அது தெரியவும் தெரியாது, ஃபைல் இருக்கு ஆனா வேலை செய்யலன்னு வர்றவங்கள்ல பாதிப்பேருக்கு இதுதான் கோளாறு. எடிட்டருக்குள்ள இருந்தே நியூ ஃபைல் குடுத்து உண்டாக்குங்க.

மொத வரி ரூட் = ட்ரூ. இத விட்டுட்டா எடிட்டர் மேல மேல இருக்குற ஃபோல்டர்லயும் போய்த் தேடும், அங்க வேற ப்ராஜக்ட்டோட ஃபைல் கெடந்தா அதுல உள்ளதும் கலந்து வரும். அப்புறம் எல்லா ஃபைலுக்கும் பொதுவா ஸ்டார் போட்ட செக்ஷன்: இன்டென்ட் ஸ்டைல் ஸ்பேஸ், இன்டென்ட் சைஸ் 4, எண்ட் ஆஃப் லைன் (வரி முடிவுக் குறி) எல்எஃப், சார்செட் (charset) யூடிஎஃப்-8, வரிக் கடைசியில உள்ள வெத்து ஸ்பேஸ வெட்டுறதுக்கு ட்ரூ, ஃபைல் கடைசியில ஒரு நியூலைன். ஏன் நாலுன்னு சண்டை வந்தா, பிஎச்பிக்கு பிஎஸ்ஆர்-12ன்னு ஒரு பொது விதி இருக்கு, அதுல நாலு ஸ்பேஸ், டேப் கூடாது. அதக் காட்டுங்க, முடிஞ்சது.

ஒரே ஒரு விதிவிலக்கு, இத நல்லா கவனிங்க. ரீட்மி மாதிரி மார்க்டவுன் ஃபைல்ல (குறி போட்டு எழுதுற டெக்ஸ்ட் ஃபைல்) வரிக் கடைசியில ரெண்டு ஸ்பேஸ் விட்டா அதுக்கு அர்த்தம் இருக்கு, அடுத்த வரிக்கு எறங்குன்னு. கடை பேரு, அதுக்குக் கீழ தெருவு, அதுக்குக் கீழ ஊரு, பின்கோடுன்னு அழகா நாலு வரியா அடிச்சிருப்பீங்க, ஸ்பேஸ வெட்டுற செட்டிங் சேவ் பண்ணும்போது அந்த ரெண்டையும் தின்னுரும், ப்ரிவியூல தொறந்து பாத்தா அட்ரஸ் பூரா ஒரே வரியா ஒட்டிக்கிட்டு நிக்கும். அதனால டாட் எம்டின்னு (.md) முடியுற மார்க்டவுன் ஃபைலுக்குன்னு தனி செக்ஷன் போட்டு அந்த ஒரு செட்டிங்க மட்டும் ஃபால்ஸ் ஆக்குங்க. ஸ்டார் செக்ஷனுக்குக் கீழ போடணும், மேல போட்டா ஸ்டார்ல உள்ளதே ஜெயிச்சிரும், ஏன்னா ஒரே ஃபைலுக்குள்ள கடைசியா வந்ததுதான் செல்லும்.

பிஎச்பி ஸ்டார்ம், புது நியோவிம் (0.9ல இருந்து) ரெண்டு எடிட்டரும் இந்த ஃபைலத் தானாவே படிக்கும். விஎஸ் கோட் படிக்காது. 2015ல வந்த எடிட்டரு, உலகமே அதுலதான் வேலை பாக்குது, இன்னும் இதுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் போடச் சொல்றாய்ங்க, எனக்கு இது ஆத்தவே ஆத்தாத கோவம். போடாட்டி எந்த எர்ரரும் வராது, ஃபைல் சும்மா கெடக்கும். எடிட்டர்கான்ஃபிக்ங்குற பேர்லயே பப்ளிஷ் ஆனத மட்டும் போடுங்க, பேரு மாதிரியே இருக்குற மத்தது வேணாம். போட்டுட்டு ஒரு பிஎச்பி ஃபைலத் தொறந்து வலதுபக்கம் கீழ ஸ்பேசஸ் 4ன்னு காட்டுதான்னு நாலு பேரு மெஷின்லயும் பாருங்க. உங்க இன்னொரு ப்ராஜக்ட்லயும் இதே மாதிரி ரெண்டுன்னு ஒரு ஃபைல் வச்சிட்டா, ஃபோல்டர் மாறும்போது எடிட்டர் தானா மாறிக்கும், நீங்க செட்டிங்ஸ் பக்கமே போக வேண்டாம்.

இதெல்லாம் ஏன் யாருக்கும் தெரியலன்னா, நம்ம காலேஜ்ல நாலு வருசம் ரெக்கார்டு நோட்டுல கோட கையால எழுத வச்சு கையெழுத்து வாங்க விடுறாங்க, நாலு பேரு ஒரே ஃபைல்ல எப்படி வேலை பாக்குறதுன்னு ஒரு பீரியடு எடுக்க மாட்டேங்கிறாங்க, அந்த ஓட்டையிலதான் பேக்கேஜ் விக்கிறவன் வந்து கடை போடுறான்.

கடைசியா, பழைய கோடு. இந்த ஃபைல் வச்ச ஒடனே பழைய வரியோட இன்டென்ட் தானா மாறாது, நீங்கதான் ஒருதடவ மொத்தத்தையும் மாத்தணும். நாலு பேரும் கையில உள்ள வேலைய மெர்ஜ் பண்ணி முடிச்சப்புறம், ஒரே ஆளு, ஒரே கமிட்டு (கிட்ல போடுற ஒரு பதிவு), அதுல வேற எந்த மாத்தமும் இருக்கக்கூடாது. மாத்தத்தக் காட்டுற கிட் டிஃப்ல டபிள்யூ (-w) ஆப்ஷன் போட்டுப் பாருங்க, ஸ்பேஸ் மட்டும்தான் மாறிருக்குன்னா பெரும்பாலும் ஒண்ணுமே காட்டாது, காலி வரி கூடக்கொறய ஆனது மட்டும் தெரியலாம். கோடு வரி ஒண்ணு தெரிஞ்சாலும் நிறுத்திட்டு அது என்னன்னு பாருங்க. அப்புறம் அந்த கமிட்டோட நம்பர ஒரு ஃபைல்ல எழுதி பிளேம் இக்னோர் ரெவ்ஸ் ஃபைல்ங்குற கிட் செட்டிங்ல குடுத்துருங்க, கிட் 2.23ல இருந்து இந்த வசதி இருக்கு, இல்லேன்னா நாளைக்கு எந்த வரிய யாரு எழுதுனான்னு பாத்தாலும் அந்த ஒரு ஆளு பேருதான் வரும். ஆடித் தள்ளுபடி ஆரம்பிக்கிற வாரத்துல மட்டும் இந்த வேலையில எறங்காதீங்க, கடையில கூட்டம் கொறஞ்சப்புறம் பண்ணுங்க.