பெயர்ப்பலகையை எங்கே மாட்டுவது? – வாசகர் கேள்விகள்

(நிரலை யாரும் பார்க்கும்படி திறந்து வைக்கும் திறமூல மென்பொருள் திட்டங்கள் சில, பெரிய சமூக வலைத்தளங்களை விட்டுக் கிளம்புவதைப் பற்றிப் போன இதழில் இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.)

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறிய திறமூலச் செயலியைப் பராமரிக்கிறோம். எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தில் ஓரளவு ஃபாலோயர்கள் உண்டு. ஒருவர் "எக்ஸ் மாதிரியே குறும்பதிவு போட இருக்கும் மாஸ்டடானுக்குப் போய்விடலாம்" என்கிறார். இன்னொருவர் "ஆளில்லாத இடத்தில் யாரைப் பார்த்துக் கூவுவது?" என்கிறார். நான் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

பதில்: இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. மாட்டிக்கொள்ளாமல் என்ன செய்வீர்கள்!

முதலில் என் கதை. படக் கோப்புகளுக்கு, எடுத்த தேதியை வைத்துப் பெயர் மாற்றித் தரும் ஒரு சின்னக் கருவி. அதற்கு ஆவணம் எழுதுவதும் அறிவிப்பு போடுவதும் பல வருடமாக என் வேலை. ஒரு பெரிய தளத்தில் கணக்கு வைத்திருந்தோம். அதைத் தொடங்கிய நண்பர் பிறகு திட்டத்திலிருந்து விலகிப் போய்விட்டார். கணக்கு அவருடைய பழைய கைபேசி எண்ணோடு கட்டப்பட்டிருந்தது யாருக்கும் நினைவில்லை. ஒருநாள் அந்தத் தளம் சந்தேகப்பட்டு, அந்த எண்ணுக்கு ஒரு ஓடிபி அனுப்பியது. அவர் அந்த எண்ணை விட்டே வெகுநாள் ஆகியிருந்தது. கணக்கு பூட்டிக்கொண்டது.

பார்த்து அந்த வாரம்தான், சில சமயம் கோப்பையே அழித்துவிடும் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தோம். "தயவுசெய்து புதிய பதிப்புக்கு மாறுங்கள்" என்று ஊரெல்லாம் சொல்ல வேண்டிய நேரத்தில் வாயைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. முறையிட்டால் தானியங்கிப் பதில். மறுபடி முறையிட்டால் அதே பதில். மூன்று வாரம் ஓடியது. தப்பு எங்களுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் சொல்வதைக் கேட்க ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்களே, அவர்களைச் சென்றடைய வேறு ஒரு வழிகூட எங்களிடம் இருக்கவில்லை. அது எங்கள் கணக்கில் இருந்த கூட்டம், எங்கள் கையில் இருந்த கூட்டம் இல்லை.

சரி, எக்ஸ் விஷயம். 2022 அக்டோபர் கடைசியில் அது கைமாறியதிலிருந்து நடந்தவற்றில், ஒரு மென்பொருள் திட்டத்தை நேரடியாகத் தொட்டவற்றை மட்டும் சொல்கிறேன். 2022 டிசம்பரில் மாஸ்டடான் போன்ற போட்டித் தளங்களுக்கு இணைப்பு கொடுக்கக் கூடாது என்று ஒரு விதி வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சீக்கிரமே அதை விலக்கிக்கொண்டார்கள். 2023 பிப்ரவரியில், இலவச ஏபிஐ (வேறு நிரல்கள் தளத்தோடு பேசும் வழி) நிறுத்தப்படும் என்று ஒரு வார அவகாசத்தில் அறிவித்தார்கள். புதிய பதிப்பு வந்தவுடன் தானாகப் பதிவு போடும் பாட்களை எழுதி வைத்திருந்த தன்னார்வலர்களுக்கு அது பெரிய தலைவலி. 2023 ஜூன் கடைசியில், கணக்கில் நுழையாதவர்கள் எந்தப் பதிவையும் பார்க்க முடியாமல் போனது. பிறகு அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், இருந்தாலும் எனக்கு உறைத்தது இந்த மூன்றாவதுதான். யாரும் எடுத்துப் பார்க்கலாம் என்று நிரலையே திறந்து வைத்திருக்கிறோம், அதைப் பற்றிய அறிவிப்பைப் படிக்க மட்டும் ஒரு நிறுவனத்தில் பெயர் பதிய வேண்டுமா?

தன்னார்வலர்கள் உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளமான டெபியன், எக்ஸை விட்டதற்கு வேறு காரணம் சொன்னது. 2025 தொடக்கத்தில் அதன் விளம்பரக் குழு, எக்ஸில் இனிப் பதிவிடப் போவதில்லை என்று அறிவித்தது. தங்கள் சமூக ஒப்பந்தத்திலும் நடத்தை விதிகளிலும் சொல்லியிருக்கும் மதிப்புகளை அந்தத் தளம் பிரதிபலிக்கவில்லை என்பது அவர்கள் வாதம். அதை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம். நான் கவனித்தது வேறு. டெபியனுக்கு ஏற்கனவே 'மைக்ரோநியூஸ்' என்று சொந்தமாக ஒரு குறுஞ்செய்திப் பக்கம் இருந்தது. ஆகவே அவர்கள் கிளம்பியபோது மூட்டை கட்ட வேண்டிய சாமான் அதிகம் இல்லை.

நீங்களும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் சொந்த இணைய முகவரியில் (டொமைனில்) ஒரு செய்திப் பக்கம், புதிய செய்தியை வாசகரின் செயலிக்குத் தானாகக் கொண்டுபோக அதற்கு ஒரு ஆர்எஸ்எஸ் ஓடை. எந்த அறிவிப்பும் முதலில் அங்கே வரட்டும். அதை மாஸ்டடானில் ஒட்டுங்கள், இப்போதைக்கு எக்ஸிலும் ஒட்டுங்கள். ஆறு மாதம் போனபின் மூவரும் உட்கார்ந்து, பிழை அறிக்கையும் கேள்வியும் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். எங்கள் கருவிக்குப் புதிய இடத்தில் முதல் மாதம் நூறு பேர்கூடச் சேரவில்லை. ஆனால் அவர்கள் பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு, பிழை எப்படி வந்தது என்று படிப்படியாக எழுதினார்கள். பழைய இடத்தில் எங்களுக்கு அதிகமாகக் கிடைத்தது விருப்பக்குறி. உங்களுக்கும் அப்படியே ஆகும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் செயலியைப் பயன்படுத்துகிறவர்கள் ஆசிரியர்கள், கணக்கர்கள் என்றால் அவர்களில் பலர் இன்னும் பழைய தளங்களில்தான் இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு வருவதில் எனக்குப் பெருமை ஒன்றும் தெரியவில்லை.

கேள்வி: மாஸ்டடானும் ஒரு கம்பெனிதானே? நாளை அதையும் யாராவது வாங்கிவிட்டால்?

பதில்: மாஸ்டடான் என்பது மென்பொருளின் பெயர். 2016-ல் ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ தொடங்கியது. அதை யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் நிறுவி நடத்தலாம். ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடர முடியும், ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் போவதைப் போல. இதற்கான பொது மொழிக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதைத் தரநிலையாக வெளியிட்டது. மாஸ்டடானைத் தாண்டி, வீடியோவுக்கான பியர்டியூப், படங்களுக்கான பிக்சல்ஃபெட் எல்லாம் அதையே பேசுகின்றன. மொத்தத்துக்கும் ஃபெடிவெர்ஸ் என்று பெயர்.

ஆக, ஒரு சர்வரை யாராவது வாங்கலாம், கெடுக்கவும் செய்யலாம். அப்போது நீங்கள் வேறு சர்வருக்குக் குடிபோகலாம், உங்களைப் பின்தொடர்கிறவர்களும் தானாக உங்களோடு வந்துவிடுவார்கள். பழைய பதிவுகள் மட்டும் வராது. இதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர், நான் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: தன்னார்வலர்கள் நடத்தும் சர்வர் எத்தனை நாள் தாங்கும்? திடீரென்று மூடிவிட்டுப் போகிறார்களே!

பதில்: போகிறார்கள். மாஸ்டடான்.டெக்னாலஜி என்ற சர்வரில் தொழில்நுட்பக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அதை நடத்தியவர் 2022-ல், தன்னால் இனி முடியாது என்று சொல்லி மூடினார். பாட்களுக்கென்றே இருந்த பாட்ஸின்.ஸ்பேஸும் 2024 கடைசியில் நின்றது. தனி ஆள்தான் அப்படி, பெரிய அமைப்பு நடத்தினால் பயமில்லை என்பீர்களா? ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா, தன் மாஸ்டடான் சர்வரான மொசில்லா.சோஷியலை 2024 டிசம்பர் 17-ல் மூடியது.

நானும் ஒருவன். எங்கள் கருவிக்கென்று சொந்தமாக ஒரு மாஸ்டடான் சர்வர் வைத்து ஏழு மாதம் நடத்தினேன். நாங்கள் போடும் பதிவு வாரத்துக்கு இரண்டு. ஆனால் நாங்கள் பின்தொடர்ந்தவர்கள் போடும் படங்கள் எல்லாம் பிரதியாக எங்கள் சர்வரிலும் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. வட்டு நிறைந்து, ஒரு நள்ளிரவில் சர்வர் மூச்சை நிறுத்தியது. பழைய படங்களைத் தானாகத் துடைக்க ஏற்பாடு இருக்கிறது, அதை நான் இயக்கி வைக்கவில்லை. மூன்று பேர் பராமரிக்கும் திட்டத்துக்கு நான்காவதாக ஒரு குழந்தை எதற்கு என்று எங்கள் குழுவில் கேட்டார்கள். மூடிவிட்டு, மென்பொருள் ஆர்வலர்கள் கூடும் ஒரு பொதுச் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சர்வரைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். நடத்துவது ஒருவரா, பலரா? செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வரவு செலவைக் காட்டுகிறார்களா? மாஸ்டடானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெற வேண்டுமானால், தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், அட்மின் தவிர இன்னொருவர் கையிலும் சாவி இருக்க வேண்டும், மூடுவதானால் குறைந்தது மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மூன்று மாதம் முக்கியம். பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதுதான் குடிபோக முடியும்.

கேள்வி: எக்ஸ் மாதிரியான இன்னொரு தளமான ப்ளூஸ்கையும் திறந்ததுதானே? அங்கே போனால் போதாதா?

பதில்: அதன் நெறிமுறை, அதாவது சர்வர்கள் தங்களுக்குள் பேசும் பொது மொழி, திறந்தது. உங்கள் டொமைனையே அங்கே பெயராக வைத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த வசதி. ஆனால் இன்றைய தேதிக்குப் பெரும்பாலான கணக்குகள் ஒரே நிறுவனத்தின் இயந்திரங்களில்தான் இருக்கின்றன. கூட்டம் அங்கே இருந்தால் போங்கள், பெயர் மட்டும் உங்கள் டொமைனாக இருக்கட்டும்.

கேள்வி: அறிவிப்பை விடுங்கள். எங்கள் பயனர்களின் கேள்வி பதில் எல்லாம் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் நடக்கிறது. அதில் என்ன தப்பு?

பதில்: இது எனக்குப் பிடித்த சண்டை. நேற்று ஒருவர் கேட்ட கேள்விக்கு நீங்கள் அரைமணி நேரம் செலவழித்து அருமையாகப் பதில் எழுதினீர்கள். நாளைக்கு அதே சிக்கலில் மாட்டியவர் தேடுபொறியில் தேடினால் அது கிடைக்காது. உள்ளே வந்து, உருட்டி உருட்டித் தேட வேண்டும். யாரும் தேடுவதில்லை, மறுபடி கேட்பார்கள், நீங்கள் மறுபடி எழுதுவீர்கள்.

ஆனால் திறந்த நெறிமுறை என்றாலே நிம்மதி என்றும் நினைக்காதீர்கள். ஃப்ரீநோட் கதை தெரியுமா? திறமூல உலகத்தின் அரட்டையில் பெரும்பகுதி பல வருடம் அந்த ஐஆர்சி (பழைய திறந்த அரட்டை நெறிமுறை) வலையமைப்பில்தான் நடந்தது. 2021 மே மாதம் அதன் கட்டுப்பாடு யாருக்கு என்ற தகராறில், அதை நடத்திவந்த தன்னார்வலர்கள் கூண்டோடு விலகி லிபெரா சாட்டைத் தொடங்கினார்கள். அடுத்த சில நாளில், தலைப்பில் 'லிபெராவுக்குப் போகிறோம்' என்று எழுதி வைத்திருந்த நூற்றுக்கணக்கான அரட்டைச் சேனல்களைப் பழைய நிர்வாகம் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களையும் அது கிளப்பிவிட்டது. உபுண்டு, ஜென்டூ ஆகிய லினக்ஸ் வகைகள், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா எல்லாம் மாறிப்போயின. இவ்வளவு வேகமாக எப்படி முடிந்தது? புதிய இடமும் ஐஆர்சிதான். பயன்படுத்திய செயலிக்குள் முகவரியை மாற்றினால் போதும். டிஸ்கார்டில் இப்படி ஒரு நிலை வந்தால் மாற்றுவதற்கு முகவரி ஏது?

அரட்டைக்கான திறந்த நெறிமுறையான மேட்ரிக்ஸ் ஒரு நல்ல வழி. மொசில்லா 2020-ல் தன் பழைய ஐஆர்சி சர்வரை நிறுத்திவிட்டு அங்கே போனது. கொஞ்சம் மெதுவாக இருக்கும், செய்தியைப் பூட்டித் திறக்கும் மறையாக்கச் சாவி தொலைந்துவிட்டதாக அவ்வப்போது பயமுறுத்தும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீடியோவுக்கு யூடியூபை விட்டால் கதி உண்டா?

பதில்: பார்வையாளர் எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் இல்லை. 2018 ஜூனில் முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரின் வீடியோக்கள் யூடியூபில் உலகம் முழுக்கத் தெரியாமல் போயின. தங்கள் சேனலில் விளம்பரம் வேண்டாம் என்று அவர்கள் வைத்திருந்ததுதான் சிக்கல். சில நாளில் வீடியோக்கள் திரும்பி வந்தன. அதற்குள் பிளெண்டர் பியர்டியூபில் சொந்தத் தளம் அமைத்துவிட்டது. ஃபிரமாசாஃப்ட் என்ற பிரெஞ்சு அமைப்பின் மென்பொருள் அது. பார்க்கிறவர்களின் கணினிகளே வீடியோவை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்வதால், கூட்டம் வந்தாலும் சர்வரின் முதுகு ஒடியாது. பிளெண்டர் இன்றும் யூடியூபில் இருக்கிறது, இரண்டு பக்கமும் வைத்திருக்கிறார்கள். அது புத்திசாலித்தனம்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களுக்கு ஃபேஸ்புக் கணக்கு இல்லையா?

பதில்: இருக்கிறது. உறவினர்களின் கல்யாணச் செய்தி எனக்கு வேறு எங்கே வருகிறது? 2025 ஜனவரியில் அதே ஃபேஸ்புக், லினக்ஸ் வகைகளைப் பட்டியலிடும் டிஸ்ட்ரோவாட்ச் தளத்துக்கான இணைப்புகளைப் பாதுகாப்பு அபாயம் என்று தடுத்தது. பிறகு, தவறு நடந்துவிட்டது, சரிசெய்துவிட்டோம் என்றார்கள். நான் கல்யாணப் படங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கேள்வி: கிளம்புவது என்று முடிவாகிவிட்டது. பழைய கணக்கை அழித்துவிடலாமா? விடைபெறும் அறிக்கை ஒன்று தயாரித்திருக்கிறோம், ஆயிரம் சொல் வந்துவிட்டது.

பதில்: அறிக்கையை நான்கு வரியாக்குங்கள். எங்கே போகிறோம், முகவரி என்ன, ஆதரவுக்கு யாரிடம் கேட்பது. அதையே பழைய கணக்கில் எல்லாவற்றுக்கும் மேலே நிலையாகக் குத்தி ('பின்' செய்து) வையுங்கள். கணக்கை அழிக்க வேண்டாம். அழித்தால் அந்தப் பெயரை நாளை வேறு யாராவது எடுத்து, உங்கள் பெயரில் வைரஸோடு ஒரு 'புதிய பதிப்பு' வெளியிடக்கூடும். புதிய மாஸ்டடான் கணக்கில் உங்கள் தளத்தின் முகவரியைக் கொடுத்து, தளத்திலிருந்து திரும்ப அந்தக் கணக்குக்கு 'இது என் கணக்கு' என்று சொல்லும் ஒரு 'ரெல்-மீ' இணைப்பு வையுங்கள். முகவரி பச்சையாக மாறும், அசல் கணக்கு எது என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். பணம் எதுவும் கட்ட வேண்டாம். படம் போடும்போது பார்வையற்றவர்களுக்காக விளக்கம் எழுத மறந்தால், அங்கே யாராவது ஒருவர் மெதுவாக நினைவூட்டுவார். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கும் இரண்டு முறை நடந்தது.

அப்புறம், பழைய கணக்கு யாருடைய கைபேசி எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது என்று இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.