தேர்தல் வழக்கைச் சபையே விசாரிக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவன். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியின் முடிவு வெறும் 49 வாக்குகளில் அமைந்தது. தபால் வாக்குகள் சிலவற்றைச் செல்லாதவை என்று ஒதுக்கியதை எதிர்த்துத் தோல்வியுற்ற வேட்பாளர் உயர்நீதிமன்றம் சென்றார். 2019 அக்டோபரில்தான் மறு எண்ணிக்கைக்கு உத்தரவு வந்தது. எண்ணியும் முடித்தார்கள், ஆனால் முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துவிட்டது. பிரிட்டனில் ஒரு காலத்தில் நாடாளுமன்றக் குழு ஒன்றே இத்தகைய வழக்குகளைத் தீர்த்துவைத்ததாகப் படித்தேன். எல்லாக் கட்சியினரும் இடம்பெறும் அப்படியொரு குழு இங்கும் இருந்தால், ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிராது அல்லவா? தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஆதங்கம் நியாயமானது. நீங்கள் முன்வைக்கும் தீர்வு எனக்கு உடன்பாடானது அல்ல. நீங்கள் படித்த அந்தக் குழுவின் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொன்னால் என் தயக்கத்தின் காரணம் விளங்கும் என்று நினைக்கிறேன்.

தேர்தல் வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரத்தை, பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை கேட்டுப் பெற்றதற்கு மதிக்கத்தக்க காரணம் இருந்தது. 1604இல் பக்கிங்ஹாம்ஷயர் தொகுதியில் சர் பிரான்சிஸ் குட்வின் வென்றார். அவர் சட்டத்துக்குப் புறம்பானவராக அறிவிக்கப்பட்டவர் என்று காரணம் காட்டி, அரசரின் சான்சரி நீதிமன்றம் அந்தத் தேர்தலை ஏற்க மறுத்தது. மறுதேர்தலில் சர் ஜான் ஃபோர்டெஸ்கியூ தேர்ந்தெடுக்கப்பட்டார். சபையோ குட்வினையே உறுப்பினராக அமர்த்தியது. சபையின் உரிமைகள் யாவும் தன்னிடமிருந்து வந்தவை என்று அரசர் முதலாம் ஜேம்ஸ் வாதிட்டார். கடைசியில் இருவரையும் ஒதுக்கிவிட்டுப் புதிய தேர்தல் நடத்துவதென்று சமரசம் ஆயிற்று. ஆனால் தன் உறுப்பினரின் தேர்தல் செல்லுமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை சபைக்கே உண்டு என்பது அதன்பின் நிலைபெற்றது. அன்றைய நீதிமன்றம் அரசரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சபையில் யார் உட்காரலாம் என்பதை அது தீர்மானித்தால், தன்னைக் கேள்வி கேட்கப்போகும் சபையை அரசரே பொறுக்கி எடுத்ததாகிவிடும். அந்த நிலையில் இந்த உரிமைக்காகப் போராடியவர்கள் செய்தது சரியே.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. விசாரணைக்கென்று இருந்த உரிமை மற்றும் தேர்தல் குழுவில் காலப்போக்கில் வந்து உட்காரும் உறுப்பினர் யாரும் வாக்களிக்கலாம் என்ற வழக்கம் ஏற்பட்டது. முக்கியமான மனுக்களை முழுச் சபையே நேரடியாக விசாரித்தது. இரண்டு இடத்திலும் சாட்சியத்தை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை; வாக்கெடுப்பின்போது யார் எந்தப் பக்கம் என்பதே கணக்கு. 1741 தேர்தலுக்குப் பின் பிரதமர் ராபர்ட் வால்போலின் அரசு தள்ளாடிக்கொண்டிருந்தபோது, அந்தக் குழுவின் தலைவர் பதவிக்கு நடந்த வாக்கெடுப்பில் எதிரணியின் ஜார்ஜ் லீ 242க்கு 238 என்று வென்றார். அரசின் நாள்கள் எண்ணப்படுகின்றன என்பது அன்றே தெரிந்துவிட்டது. 1742 பிப்ரவரியில் சிப்பன்ஹாம் தொகுதி பற்றிய மனுவின் மீது 16 வாக்கு வித்தியாசத்தில் தோற்றதும் வால்போல் பதவி விலகினார். இருபது ஆண்டுகள் நாட்டை ஆண்டவர், சிப்பன்ஹாமில் யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்ற விவகாரத்தில் வீழ்ந்தார். அதில் இன்னும் விந்தை என்னவென்றால், அதை அன்றைக்கு ஒருவரும் முறைகேடாகப் பார்க்கவில்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்றவரைப் போலவே அவரும் ஒதுங்கிக்கொண்டார். ஒரு தேர்தல் வழக்கின் தீர்ப்பு நம்பிக்கை வாக்கெடுப்பாகவே ஆகிவிட்டிருந்தது.

1769இல் மிடில்செக்ஸ் தொகுதியில் 1143 வாக்கு பெற்ற ஜான் வில்க்ஸை ஒதுக்கிவிட்டு, 296 வாக்கு பெற்ற ஹென்றி லட்ரலைச் சபை உறுப்பினராக்கியபோது அதன் பெயர் முற்றிலும் கெட்டது. மறு ஆண்டே முன்னாள் பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். நீங்கள் விரும்பும் குழுவுக்கு மிக நெருக்கமானது இதுதான். மனு விசாரணைக்குரிய நாளில் குறைந்தது நூறு உறுப்பினர்கள் இருக்க வேண்டும். சபையின் கதவுகளைப் பூட்டிவிட்டு, உறுப்பினர்களின் பெயர் எழுதிய தோல் நறுக்குகளை மேசைமேல் வைத்த பெட்டிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள். சபாநாயகர் உரக்க வாசிப்பார். குடவோலையை நினைவூட்டும் காட்சி. 49 பெயர்கள் சேர்ந்ததும் இரு தரப்பினரும் மாறி மாறி வேண்டாதவர்களை அடித்துக்கொண்டே வந்து 13 பேரில் நிறுத்துவார்கள். தரப்புக்கொருவர் சேர்ந்து 15 பேர் உறுதிமொழி எடுத்துக்கொண்டு விசாரணைக்கு அமர்வார்கள். இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் விசாரணையைத் தள்ளிவைக்கச் சபையின் அனுமதி வேண்டும். குழுவின் முடிவே இறுதி முடிவு.

இச்சட்டத்தின்கீழ் வந்த முதல் வழக்கிலும் மற்றொரு புகழ்பெற்ற வழக்கிலும் நமக்குத் தெரிந்த ஒருவர் வருகிறார். 1770 இறுதியில் நியூ ஷோரம் என்ற கடற்கரை ஊரில் இடைத்தேர்தல் நடந்தது. தாமஸ் ரம்போல்டுக்கு 87 வாக்கு, எதிரே நின்ற ஜான் பர்லிங்குக்கு 37. ஆனால் தேர்தல் நடத்தும் அதிகாரி ஹ்யூ ராபர்ட்ஸ், ரம்போல்டின் வாக்குகளில் 76 லஞ்சம் வாங்கியவர்களுடையவை என்று தள்ளிவிட்டு, பர்லிங் வென்றதாக அறிவித்தார். வாக்கை எண்ண வேண்டியவர் தீர்ப்பும் எழுதிவிட்டார். குழு விசாரித்தபோது ராபர்ட்ஸ் சொன்ன விவரம் எல்லாரையும் திடுக்கிடவைத்தது. ஊரில் ‘கிறிஸ்தவ சங்கம்’ என்ற பெயரில் வாக்காளர்கள் கூடியிருந்தார்கள். வெளியே தருமகாரியம், உள்ளே தொகுதியை அதிக விலை கொடுப்பவருக்கு மொத்தமாக விற்பது. ராபர்ட்ஸும் அதில் இருந்து விலகியவர்தான். குழு சட்டப்படி ரம்போல்டுக்கு இடத்தைக் கொடுத்தது. சங்கத்தைப் பற்றிய உண்மையையும் சபையின் முன் வைத்தது. 1771இல் அந்தச் சங்கத்தாரின் வாக்குரிமையைப் பறித்து, சுற்றுவட்டார மக்களுக்கு வாக்குரிமையை விரித்துச் சட்டம் வந்தது.

ரம்போல்ட் அடுத்த தேர்தலில், 1774இல், பிரான்சிஸ் சைக்ஸுடன் சேர்ந்து ஷாஃப்ட்ஸ்பரிக்குப் போனார். இருவரும் வங்காளத்தில் கம்பெனி உத்தியோகத்தில் பெரும் செல்வம் சேர்த்தவர்கள். அந்த ஊரில் ஒரு சிறிய அறைக்குள் கோமாளி வேடமிட்ட ஒருவரை உட்காரவைத்து, கதவில் ஒரு துளை போட்டு, அந்தத் துளை வழியாக வாக்காளர்களுக்கு இருபது கினி கொண்ட பொட்டலங்களைக் கொடுத்தார்கள். கொடுத்தவர் யாரென்று வாங்கியவர் சத்தியம் செய்து சொல்ல முடியாது என்பது திட்டம். கிரென்வில் குழு அதையும் துருவி எடுத்தது. இருவரும் இடத்தை இழந்தார்கள். எதிர்த்து நின்ற மார்டிமர் என்பவர், சைக்ஸ் மீது தனி வழக்குத் தொடுத்து 11,000 பவுண்டு பெற்றார். நம் ஊரில் பணப் பட்டுவாடாவில் புதுமை காண்பவர்கள் இதைப் படித்தால் தங்களை அவ்வளவு பெரியவர்களாக நினைத்துக்கொள்ள மாட்டார்கள். ரம்போல்டுக்கு இதனால் பெரிய நட்டமில்லை: 1778இல் சென்னையில் கவர்னராக வந்து இறங்கினார்.

ஆகவே கிரென்வில் குழு தோற்றுப்போன ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். முந்தையதைவிடப் பல மடங்கு மேல். 1774இல் அது நிரந்தரச் சட்டமும் ஆயிற்று. ஆனால் குலுக்கலில் வருபவர் கட்சிக்காரராகவே வருகிறார். இரு தரப்பும் அடிக்கும்போது முதலில் அடிபட்டவர்கள், எதிரணிக்குப் பயன்படக்கூடிய கூர்மையான சட்ட அறிஞர்கள். எஞ்சியவர்கள் விஷயம் தெரியாதவர்களாக இருந்ததால், ஒரே கேள்விக்கு இரண்டு குழுக்கள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தன. 1839இல் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் ராபர்ட் பீல் குலுக்கலை ஒழித்துக் குழுவைச் சிறிதாக்கினார். அதன்பின் இன்னும் சிறிதாக்கினார்கள். ஒவ்வொரு திருத்தமும் நீதிபதி ஆசனத்திலிருந்து அரசியல்வாதியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியதே தவிர, முழுதாக எழுப்பவில்லை. 1868இல் டிஸ்ரேலியின் அரசு அதையும் செய்தது. அதை விரும்பாதவர்கள் யார் தெரியுமா? நீதிபதிகள். தலைமை நீதிபதி காக்பர்ன், இந்த வேலை நீதித்துறையின் மதிப்பைக் கெடுக்கும் என்று எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்தார். அவருடைய அச்சம் பொருளற்றதல்ல. இருந்தும் சட்டம் நிறைவேறியது. நீதிபதி அந்தந்தத் தொகுதிக்கே போய், சாட்சிகளின் ஊரிலேயே அமர்ந்து விசாரிக்க வேண்டும் என்பது அதன் உயிரான அம்சம்.

அமெரிக்காவில் இன்றும் அந்த அதிகாரம் அவையிடமே இருக்கிறது. 1789இல் பிரதிநிதிகள் சபை முதன்முதலில் அமைத்த நிலைக்குழுவே தேர்தல் குழுதான். 1985இல் இந்தியானா மாநிலத்தின் ஒரு தொகுதியில் மாநில அரசு ஒருவருக்குச் சான்றிதழ் கொடுக்க, பெரும்பான்மைக் கட்சியின் கையிலிருந்த சபை மறு எண்ணிக்கை செய்து, 4 வாக்கு வித்தியாசத்தில் தன் கட்சிக்காரரை அமர்த்தியது; எதிர்க்கட்சியினர் வெளிநடப்புச் செய்தார்கள். அந்த எண்ணிக்கை சரியானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதை நம்ப ஒருவருக்கும் கடமையில்லாமல் போயிற்று.

நம் அரசியல் சாசனம் இந்தப் பாதையில் போகவில்லை. 329ஆவது பிரிவு, சட்டம் வகுக்கும் அமைப்பின் முன் தேர்தல் மனு தாக்கல் செய்வது ஒன்றே வழி என்கிறது. நாமக்கல்லில் வேட்புமனு தள்ளுபடியான பொன்னுசாமி உயர்நீதிமன்றத்தை நாடி, 1952 ஜனவரியில் உச்சநீதிமன்றத்தில் தோற்ற வழக்கில்தான் இது முதலில் உறுதியாயிற்று. முதலில் தேர்தல் தீர்ப்பாயங்கள் இருந்தன. 1966இல் உயர்நீதிமன்றங்களுக்கு அதிகாரம் மாறியது. 1975இல் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்ற அலகாபாத் உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, அது செல்லும் என்று நாடாளுமன்றமே திருத்தத்தின் மூலம் அறிவித்துக்கொண்டது; அந்தக் கூறை உச்சநீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் செல்லாதென்றது. காமன்ஸ் சபை கைவிட்ட அதிகாரத்தை நம் நாடாளுமன்றம் ஒரே ஒருமுறை எடுத்துப் பார்த்த கதை அது.

தாமதத்தைப் பற்றிய உங்கள் கேள்வி அப்படியே நிற்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 86ஆவது பிரிவு, இயன்றவரை நாள்தோறும் தொடர்ந்து விசாரிக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது. மற்ற வழக்குகளைச் சுமக்காத தனி நீதிபதியை இதற்கென்று ஒதுக்கி, அவர் தொகுதிக்கே போய் அமர்ந்தால், அந்தப் பிரிவு நடைமுறைக்கு வரும். இடைக்கால மேல்முறையீடுகளுக்கும் கால வரம்பு வேண்டும். நீங்கள் குறிப்பிட்ட வழக்கு முடங்கியது அந்த இடத்தில்தான்.

சபையிடம் கொடுத்தால் விரைந்து முடியும் என்று நினைப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். கட்சித்தாவல் வழக்குகளில் இன்றும் சபாநாயகரே நீதிபதி. 2017 பிப்ரவரியில் தமிழக அரசின் நம்பிக்கைத் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த ஆளுங்கட்சியின் 11 உறுப்பினர்கள் பின்னர் ஆளும் தரப்போடு இணைந்தார்கள். அவர்கள்மீதான தகுதிநீக்கக் கோரிக்கையில் அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடியும்வரை முடிவு வரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் முதல்வருக்கு எதிராக ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேர் செப்டம்பர் 18ஆம் தேதியே தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். பின்னதை உயர்நீதிமன்றம் 2018இல் சரியென்று ஏற்றது. நான் அதன் சட்ட நியாயத்துக்குள் போகவில்லை. ஆசனமும் அதில் இருந்தவரும் ஒன்றே. ஒரு வழக்கு ஒரு மாதத்தில் முடிந்தது, மற்றொன்று நான்கு ஆண்டுகளிலும் முடியவில்லை. 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கொன்றில் உச்சநீதிமன்றம், இந்த அதிகாரத்தைச் சபாநாயகரிடமிருந்து எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான நிரந்தரத் தீர்ப்பாயத்திடம் ஒப்படைப்பது பற்றி நாடாளுமன்றம் சிந்திக்க வேண்டும் என்று எழுதியது. நீங்கள் கேட்பது இதற்கு நேர் எதிர்த்திசையில் ஒரு பயணம். அதற்கு என்னால் உடன்பட இயலவில்லை.

அன்புடன்.