ஊர் தூரமாக இருந்தால் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீள முடியாதா?

கேள்வி: என் அக்காவுக்கு 46 வயது. மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை என்று சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் கமுதிப் பக்கம் ஒரு கிராமம். மதுரையிலேயே சிகிச்சை எடுக்கலாம் என்கிறார் டாக்டர். சொந்தக்காரர்களோ, "இங்கிருந்து போய்வந்தால் தேறமாட்டாள், சென்னையில் வீடு பிடித்துத் தங்குங்கள்" என்கிறார்கள். நிலத்தை விற்றுவிட்டுப் போகலாமா?

பதில்: நிலத்தை விற்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கும் பிழைப்பதற்கும் தொடர்பு உண்டு என்பது உண்மைதான். 2012 முதல் 2015 வரை இந்த நோய் கண்டறியப்பட்ட பெண்களை, நாட்டின் 11 புற்றுநோய்ப் பதிவேடுகள் வழியாகத் தொடர்ந்து கவனித்தார்கள். ஐந்து ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் 100-க்குச் சுமார் 66 பேர். மிசோரத்தில் இது 75-ஐத் தொட்டது, அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டில் 42தான். இரண்டுமே வடகிழக்கு மூலையில், பெருநகரங்களுக்கு வெகு தொலைவில் இருப்பவை. தூரம் மட்டுமே காரணமென்றால் இவ்வளவு வித்தியாசம் வந்திருக்காது.

அதே ஆய்வில், நோய் மார்போடு நின்றிருந்தவர்கள் பிழைக்கும் வாய்ப்பு, உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவியவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல். கட்டி வலிக்கவில்லையே, அறுப்பு முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போட்டுவிட்டுக் கடைசியில் வரும் பெண்களைத்தான் எங்கள் ஓபியில் அதிகம் பார்க்கிறேன். உங்கள் அக்கா இரண்டாம் நிலையிலேயே வந்துவிட்டார். பெரிய கண்டத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

இனி சிகிச்சை நடுவில் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கீமோ, அதாவது புற்றணுக்களை அழிக்கும் மருந்து, பெரும்பாலும் 21 நாளுக்கு ஒருமுறை. அதற்குப் போய்வருவதில் சிரமம் குறைவு. பயம் காய்ச்சலில் இருக்கிறது. கீமோ போட்டு ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். அப்போது வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிரையே குடித்துவிடக்கூடும். மூன்றாவது கீமோ முடிந்த ஒரு அம்மா, ராத்திரி பதினோரு மணிக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தும் மாத்திரை போட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் மஞ்சப்பையில் ரிப்போர்ட்டுகளோடு, உதடு காய்ந்து, நாடித்துடிப்பு கிடுகிடுவென ஓட வந்து நின்றார். "விடியட்டும், முதல் பஸ்ஸைப் பிடிச்சிரலாம்னு இருந்தேன் டாக்டர்." ஒன்பது நாள் ஐசியுவில் வைத்துத்தான் காப்பாற்றினோம். அதனால் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரியைத் தொட்டால், ராத்திரியானாலும் 108-க்கு அடியுங்கள். ரத்த அணுக்களைப் பார்த்து, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றும் வசதி பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் 24 மணி நேரமும் இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வையுங்கள். கீமோ சீட்டு எப்போதும் கையோடு இருக்கட்டும்.

அடுத்தது கதிர்வீச்சு, நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். அதற்கு வாரத்தில் ஐந்து நாள் போக வேண்டும். பாதியில் நின்றுவிடுகிறவர்கள் இங்கேதான் அதிகம். அந்த நாட்களுக்கு மட்டும் மதுரையில் ஓர் அறை பிடியுங்கள். முன்பு ஐந்து வாரம் வைத்ததை, இப்போது பலருக்கு 15 தவணையில், மூன்றே வாரத்தில் முடிக்கிறோம், பலன் குறைவதில்லை. அக்காவுக்கு அது பொருந்துமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். புற்றுநோய் சிகிச்சையும் அதில் அடங்கும். ரயிலில் நோயாளிக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஹார்மோன் மாத்திரை எழுதிக்கொடுத்தால் அது குறைந்தது ஐந்து வருடம். உடம்பு நன்றாகிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள், பத்து மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த அட்டையை வாங்கிவிடுங்கள்.

உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. கூடப் பிறந்தவளுக்கு வந்திருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அக்காவோடு மதுரைக்குப் போகும் அன்றே நீங்களும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.